லேப்டாப்புக்குள் ஒரு வைஃபை, வெளியே ஒரு பூஸ்டர்: இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா?

கேள்வி இது. வீட்டுக் கூடத்தில் ஃபைபர் ரவுட்டர் இருக்கிறது. மாடி அறையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தால் சிக்னல் இரண்டு கோடுதான் காட்டுகிறது, வீடியோ கால் அடிக்கடி அறுந்துபோகிறது. அதற்காக ஆன்டெனா வைத்த யூஎஸ்பி வைஃபை பூஸ்டர் ஒன்று வாங்கியாயிற்று. அதைச் செருகிய பிறகு லேப்டாப்பின் சொந்த வைஃபையை அணைக்க வேண்டுமா? இரண்டையும் ஓடவிட்டால் வேகம் கூடுமா?

ஒரு நேரத்தில் ஒன்று போதும். புதிதாக வாங்கியது நிஜமாகவே நன்றாக இழுத்தால் உள்ளே இருப்பதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வேகத்தைக் கூட்டாது. ஆனால் அந்த "நிஜமாகவே நன்றாக இழுத்தால்" என்ற இடத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். "பூஸ்டர் வாங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் போய் "வைஃபை பூஸ்டர்" என்று கேட்டால் இரண்டு விதமான பொருள்களில் எதையாவது எடுத்து வைப்பார்கள். ஒன்று, லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகும் அடாப்டர். மற்றது, சுவர் பிளக்கில் செருகி ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் எக்ஸ்டெண்டர். ரிப்பீட்டர் என்றும் சொல்வார்கள். மொபைல் சிக்னல் பூஸ்டர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது செல்போன் டவர் அலைவரிசைக்கானது, வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் அதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள்தான் வைக்கலாம், தனிநபர் வாங்கி மாட்டுவது சட்டவிரோதம். ஆன்லைனில் இந்தச் சொற்களை எல்லாம் கலந்து போட்டு விற்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது யூஎஸ்பி அடாப்டர். அது எதையும் பெருக்குவதில்லை. உள்ளே இருக்கும் வைஃபை கார்டு பிடித்த சிக்னலை எடுத்து வலுப்படுத்தித் தருகிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அது தனக்கென்று ஒரு ரேடியோ, தனக்கென்று ஒரு ஆன்டெனா, தனக்கென்று ஒரு மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் தனி அடையாள எண்) வைத்திருக்கும் இன்னொரு வைஃபை கார்டு. லேப்டாப்பைப் பொறுத்தவரை ஒரே வீட்டில் இரண்டு வாசல் மாதிரி.

அப்படியானால் எந்த வாசல் நல்லது என்பதுதான் பார்க்க வேண்டியது. உள்ளே இருக்கும் கார்டைக் குறைவாக எடை போட வேண்டாம். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கார்டுதான். ஆனால் அதிலிருந்து பெரும்பாலும் இரண்டு மெல்லிய ஒயர்கள் கிளம்பி, கீல் வழியாக ஏறி, பல மாடல்களில் திரையின் மேல் விளிம்பு வரை போகின்றன. அங்கே இரண்டு ஆன்டெனாக்கள் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு ஆன்டெனா என்றால் இரண்டு தரவு ஓடைகள். ஒன்றில் சிக்னல் மங்கினாலும் மற்றது கைகொடுக்கும். இதோடு ஒப்பிட்டால், விரல் நகம் அளவில் வரும் நானோ டாங்கிள்களில் ஒரே ஒரு ஆன்டெனாதான். அதுவும் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள் மடித்து வைத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் பாதி நீள ஆன்டெனா வைத்தாலே 6 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு சின்ன டாங்கிள் நல்ல லேப்டாப் கார்டைவிட மோசமாக இழுப்பதுதான் இயல்பு. உள் கார்டு பழுதாகிவிட்டால் ஆபத்துக்கு உதவும், தூரத்துக்கு உதவாது. நீங்கள் வாங்கியது குச்சி ஆன்டெனா வைத்தது என்பதால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். வைஃபை வானொலி மாதிரி ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் லேப்டாப் "வந்து சேர்ந்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் ரவுட்டருக்குக் கேட்காவிட்டால் அது அதையே திரும்ப அனுப்பும். ஒரு கை தட்டினால் ஓசை வராது. திரையில் நான்கு கோடு காட்டியும் நெட் இழுத்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரவுட்டரின் குரல் லேப்டாப்புக்குக் கேட்கிறது, லேப்டாப்பின் குரல் ரவுட்டருக்குக் கேட்கவில்லை. நல்ல ஆன்டெனா கேட்பது, பேசுவது இரண்டையும் மேம்படுத்தும். அதனால்தான் அதிக சக்தியில் அனுப்புவதாகச் சொல்லும் அடாப்டரைவிட நல்ல ஆன்டெனாவை நல்ல இடத்தில் வைக்க முடிகிற அடாப்டரை நான் விரும்புகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. இப்போது செய்தாலும் பயன்தான். மாடியில் லேப்டாப் இருக்கும் அதே மேசையில் உங்கள் போனை வையுங்கள். இரண்டையும் ஒரே வைஃபை பெயரில், ஒரே பட்டையில் இணையுங்கள். ஒன்று 2.4, மற்றது 5 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் ஒப்பீடே தப்பாகிவிடும். போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் சிக்னலை டிபிஎம் அளவில் காட்டும். எல்லாமே மைனஸ் எண்கள், பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதுதான் வலுவானது. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தடையில்லாமல் போகும், மைனஸ் 75க்குக் கீழே போனால் தொல்லை ஆரம்பம், மைனஸ் 85 என்றால் பெயருக்குத்தான் இணைப்பு. இந்த அளவில் 3 டிபி குறைந்தாலே சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள், 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

போனுக்கும் அங்கே மைனஸ் 80தான் வருகிறது என்றால் குறை லேப்டாப்பில் இல்லை, சிக்னலே அந்த அறைக்கு ஏறவில்லை. போனில் மைனஸ் 60 வந்து லேப்டாப் மட்டும் தடுமாறினால் லேப்டாப்பின் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு தம்பியின் லேப்டாப் நினைவுக்கு வருகிறது. கீல் உடைந்து ஒரு கடையில் சரிசெய்து வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு ரவுட்டர் இருக்கும் அறையைத் தாண்டினால் நெட் நின்றுபோகும். அவரும் யூஎஸ்பி அடாப்டர் வாங்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். அடிமூடியைத் திறந்து பார்த்தேன். வைஃபை கார்டின் மேல் கடுகு அளவு பித்தளைப் பொத்தான் இரண்டு இருக்கும், ஒயரின் முனையை அதில் வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். இரண்டு ஒயரும் கழன்று பேட்டரி ஓரமாகக் கிடந்தன. அழுத்திவிட்டேன், அவ்வளவுதான் வேலை. சர்வீஸுக்குப் போய் வந்த லேப்டாப்பில் திடீரென்று வைஃபை பலவீனமானால் முதலில் இதைப் பாருங்கள்.

சரி, அடாப்டர் வாங்கியாயிற்று, செருகியாயிற்று. இரண்டும் ஓடினால் என்ன நடக்கும்? விண்டோஸில் பழையது வைஃபை என்றும் புதியது வைஃபை 2 என்றும் தெரியும். இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்து, ஆளுக்கொரு ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும். ஆனால் இணையத்துக்குப் போகும் பாதை என்று வரும்போது விண்டோஸ் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் மெட்ரிக் என்று ஒரு எண் உண்டு, எண் குறைவாக இருப்பவருக்கு முன்னுரிமை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் இணைப்பின் வேகத்தைப் பார்த்து விண்டோஸே அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். சிக்கல் இங்கேதான். அந்த வேகம் சிக்னலைப் பொறுத்து ஏறி இறங்கும். நீங்கள் பூஸ்டரில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, தரவு பழைய கார்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். நடுவில் பாதை மாறினால் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ கால் அறுந்துபோகலாம், ஏனென்றால் அந்தக் கால் தொடங்கியது வேறொரு கார்டின் ஐபி முகவரியில்.

இரண்டையும் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு வேறு இணைய இணைப்புகள் இருக்கும்போது, உதாரணமாக ஃபைபர் ஒன்றும் போன் ஹாட்ஸ்பாட் ஒன்றும், அவற்றால் பயன் உண்டு. இங்கே இருப்பது ஒரே ரவுட்டர், ஒரே ஃபைபர். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆகவே உங்கள் லேப்டாப்பே இரண்டு பேராக நின்று ஒரே காற்றுக்குப் போட்டி போடுகிறது என்று ஆகிவிடும்.

அணைப்பது எளிது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் இரண்டும் பட்டியலில் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். யூஎஸ்பியில் வந்ததன் பெயரில் பல நேரம் யூஎஸ்பி என்ற சொல் இருக்கும். எது எதுவென்று சந்தேகம் வந்தால் அடாப்டரை ஒருமுறை உருவிப் பாருங்கள், பட்டியலிலிருந்து மறைவது எதுவோ அதுதான் புதியது. மற்றதில் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். அன்இன்ஸ்டால் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை ஆன் செய்யும்போது விண்டோஸ் அதைத் தானே தேடி மறுபடி போட்டுவிடும். டிசேபிள் செய்தால் நீங்கள் திரும்ப எனேபிள் செய்யும்வரை அப்படியே இருக்கும். வெளியூர் போகும்போது பூஸ்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், எனேபிள் செய்ய மறந்துவிடாதீர்கள்.

அணைப்பதற்கு ஏரோபிளேன் மோடைப் பயன்படுத்தக் கூடாது. அது உள்ளே, வெளியே என்று பார்க்காமல் எல்லா ரேடியோவையும் அணைத்துவிடும். புளூடூத் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலும் அதே கார்டில்தான் அது இருக்கிறது என்றாலும் டிவைஸ் மேனேஜரில் தனியாகப் பதிவாகியிருக்கும், வைஃபையை மட்டும் டிசேபிள் செய்தால் உங்கள் ஹெட்போன் பாட்டுக்கு வேலை செய்யும். விடுதியிலோ அலுவலகத்திலோ மேக் முகவரியைப் பதிவு செய்து வைஃபை கொடுக்கிறார்கள் என்றால், புது அடாப்டரின் முகவரி வேறு என்பதால் அதையும் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணையவில்லை என்று பாதி நாள் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நிஜமான பலன் கிடைக்கும் இடத்துக்கு வருகிறேன். யூஎஸ்பி அடாப்டரின் பெரிய வசதி, ஆன்டெனாவை லேப்டாப்பிலிருந்து பிரித்து வேறு இடத்தில் வைக்கலாம் என்பதுதான். லேப்டாப்பின் பக்கத்திலேயே செருகி வைத்தால் அந்த வசதி வீண். ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்குங்கள். அடாப்டரை அதன் முனையில் மாட்டி, அறையில் ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். படிக்கட்டைப் பார்த்த வாசல் நிலை, அலமாரியின் மேல்தட்டு, ஜன்னல் திண்டு. நம் வீடுகளில் செங்கல் சுவரைவிடக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம்தான் பெரிய தடை. சிக்னல் தளத்தைத் துளைத்துக்கொண்டு வருவதைவிடப் படிக்கட்டு வழியாக மோதித் திரும்பி வருவது பல வீடுகளில் அதிகம். முக்கால் மீட்டர் நகர்த்தினாலே மைனஸ் 78 இருந்த இடத்தில் மைனஸ் 66 வரலாம். எந்தப் பூஸ்டரும் அந்த 12 டிபியைச் சும்மா தந்துவிடாது.

எக்ஸ்டென்ஷன் ஒயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012ல் இதைப் பற்றி விரிவாக வெளியிட்டிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கை ஒரு துளையிலும் வைஃபை அடாப்டரை அதன் பக்கத்துத் துளையிலும் செருகி ஃபைல் காப்பி செய்தால் நெட் படுத்துவிடுவது இதனால்தான். ஒயர் போட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

குச்சி ஆன்டெனாவை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். குச்சியின் நுனி சிக்னல் பாயும் திசை என்று பலர் நினைத்து அதை ரவுட்டரை நோக்கிக் குறி வைக்கிறார்கள். நேர்மாறு. குச்சியின் பக்கவாட்டில்தான் அலை பரவும், உளுந்து வடை வடிவத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி நிற்பது வடையின் ஓட்டையில். நுனியின் திசையில் மிகக் குறைவு. ஒரே தளத்தில் ரவுட்டர் இருந்தால் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ரவுட்டர் நேர் கீழே இருந்தால் குச்சியைப் படுக்கப் போட்டுப் பாருங்கள், ரவுட்டரின் குச்சிகளில் ஒன்றையும் சாய்த்து விடுங்கள். டிபிஐ என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் இந்த வடையை எவ்வளவு தட்டையாக்குகிறார்கள் என்பதைச் சொல்வது. எண் கூடினால் பக்கவாட்டில் எட்டும், மேலும் கீழும் குறையும். உள்ளங்கை நீளக் குச்சியில் 15 டிபிஐ என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள்.

பெட்டியில் ஏசி 600, ஏசி 1200 என்றிருப்பது இரண்டு பட்டைகளின் வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். ஏசி 600 என்றால் 2.4ல் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433 மெகாபிட். ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இணைவீர்கள். ஏசி 1200 அடாப்டரை யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால், அந்தத் துளையின் உச்சமே 480 மெகாபிட், நடைமுறையில் 300ஐ ஒட்டித்தான் கிடைக்கும். மாடியில் வீடியோ கால் பேச அதுவே தாராளம் என்பதால் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை அடாப்டர் தானாக அறுந்து இணைந்தால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரண்டையும் ஓடவிடுவதற்கு நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு. பூஸ்டர் தூரத்து ரவுட்டரைப் பிடிக்க, உள் கார்டு ஹாட்ஸ்பாட்டாக மாறி அறையில் இருக்கும் போனுக்கும் டேப்லெட்டுக்கும் நெட் கொடுக்கலாம். ஒரே கார்டை வைத்தும் விண்டோஸ் இதைச் செய்யும், ஆனால் இரண்டு வேலையையும் ஒரே ரேடியோ பார்ப்பதால் வேகம் அடிபடும். அதுபோல அலுவலக வைஃபையில் பிரின்டரும் சர்வரும் மட்டும் கிடைக்கும், நெட்டுக்குப் போன் ஹாட்ஸ்பாட் வேண்டும் என்ற நிலை இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடலாம். அப்போது நெட் வரும் அடாப்டரின் ஐபிவி4 அமைப்பில் அட்வான்ஸ்டு போய், ஆட்டோமேட்டிக் மெட்ரிக்கை எடுத்துவிட்டு 10 என்று போடுங்கள், மற்றதற்கு 50. ஆனால் அலுவலகக் கணினியில் இதைச் செய்யுமுன் அங்குள்ள நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு வலைகளை ஒரே கணினியில் சேர்ப்பதைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

போன் சோதனையில் மாடிக்குச் சிக்னலே ஏறவில்லை என்று தெரிந்தால் அடாப்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். எக்ஸ்டெண்டர் வாங்கலாம், ஆனால் அதைச் சிக்னல் இல்லாத மாடி அறையிலேயே செருகுவது பலரும் செய்யும் தவறு. இல்லாததை எதை வைத்து அது மறுபடி அனுப்பும்? படிக்கட்டின் பாதியில், போனில் மைனஸ் 65 அளவாவது வரும் பிளக்கில் அது இருக்க வேண்டும். ஒரே பட்டையில் வாங்கி அதே பட்டையில் அனுப்பும் எக்ஸ்டெண்டர் வேகத்தை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். லேப்டாப்பின் பிடிவாதம் வேறு ஒரு தொல்லை. மைனஸ் 80ல் தொங்கும் கீழ் ரவுட்டரையே அது பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் எக்ஸ்டெண்டர் இருந்தாலும் மாறாது. இன்டெல் கார்டுகளில் அட்வான்ஸ்டு பகுதியில் ரோமிங் அக்ரெசிவ்னஸ் என்று ஒன்று இருக்கும், அதை ஒரு படி ஏற்றினால் சீக்கிரம் மாறும்.

என்னைக் கேட்டால், முடிகிற வீட்டில் கேட்6 நெட்வொர்க் ஒயர் ஒன்றை மாடிக்கு இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை ஒரு குறையும் வராது. மாடி முனையில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரை வைத்து, அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலையை) அணைத்து, கீழ் ரவுட்டரோடு முகவரி மோதாதபடி அதற்கு வேறு ஐபி கொடுத்து, லேன் துளையில் ஒயரைச் செருகினால் மாடி முழுவதற்கும் முழு வைஃபை கிடைக்கும். பூஸ்டர் உதவுவது லேப்டாப் ஒன்றுக்குத்தான். இது வீட்டில் உள்ள எல்லாருக்கும்.

வாங்கிய அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கும் நாள் இன்னும் கடக்கவில்லை என்றால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். அதே மேசை, அதே பட்டை. முதலில் உள் கார்டு மட்டும், அடுத்து எக்ஸ்டென்ஷன் ஒயரில் அடாப்டர் மட்டும். இரண்டு முறையும் கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நூறு பிங் (பதில் கேட்டு அனுப்பும் சின்னச் செய்தி) அனுப்புங்கள். இணையத்தின் வேகத்தைவிட இது தெளிவாகக் காட்டும், ஏனென்றால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ளதை மட்டும் அளக்கிறது. பதில் நேரம் சில மில்லிசெகண்டுக்குள் நின்று ஒன்றுகூடத் தவறாமல் வந்தால் அந்த அடாப்டரை வைத்துக்கொண்டு உள் கார்டை டிசேபிள் செய்யுங்கள். நூற்றில் ஐந்தாறு தவறினாலோ நேரம் 200, 300 என்று குதித்தாலோ, பில்லோடு பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்துக்கு ஒயர் வாங்குங்கள்.